பனியன் ஊரின் நியாயக் கணக்கு

வரி, நூல் விலை, சாயக் கழிவு, கூலி என்று திருப்பூரில் நடக்கும் ஒவ்வொரு பொருளாதாரச் சண்டையும் அடிப்படையில் யார் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற சண்டைதான்.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவதால் அடி நேராக இங்கே விழுந்தது. ஆர்டர்கள் நின்றன. தைத்து, மடித்து, பெட்டியில் அடைத்து வைத்த சரக்குக்கே வாங்குவோர் தள்ளுபடி கேட்டார்கள். கடன் தவணைக்கு அவகாசம் வேண்டும், வட்டிச் சலுகை வேண்டும் என்று ஏற்றுமதியாளர்கள் மத்திய அரசை அணுகினார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே, ஆகஸ்ட் 19 முதல், இறக்குமதிப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத வரியை அரசு தற்காலிகமாக நீக்கியிருந்தது. பிறகு அந்தச் சலுகையை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. நூற்பாலைகளும் பனியன் கம்பெனிகளும் வரவேற்றன. விவசாய சங்கங்கள் கண்டித்தன. புதுப் பஞ்சு சந்தைக்கு வரப்போகும் நேரத்தில் வெளிநாட்டுப் பஞ்சை வரியில்லாமல் விட்டால் எங்கள் விலை என்ன ஆகும் என்று கேட்டன.

வரியை எடுத்தால் நூல் விலை எவ்வளவு இறங்கும், விவசாயிக்குக் குவிண்டாலுக்கு எவ்வளவு குறையும் என்று பொருளாதார நிபுணர் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். இந்த இருவரில் யாருடைய நஷ்டத்தை அரசு முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டால் அவருடைய கணக்கில் விடை இருக்காது. அந்த விடை அரசியல் தத்துவத்திலிருந்து வர வேண்டும். திருப்பூரில் யாரும் தத்துவம் என்று பெயர் சொல்லிப் பேசுவதில்லை. ஆனால் சங்கக் கூட்டத்திலும், கூலிப் பேச்சுவார்த்தையிலும், காதர்பேட்டை டீக்கடையிலும் பேசப்படுவது அதுதான். கடந்த நூறு ஆண்டுகளில் இந்த ஊர் அந்தக் கேள்வியை வெளிப்படையாகப் பேசித் தீர்த்த சந்தர்ப்பங்கள் உண்டு. 'போட்டியில் நிற்க வேண்டும்' என்ற ஒரே வாக்கியத்துக்கு அடியில் புதைத்த சந்தர்ப்பங்கள் அதைவிட அதிகம்.

நூல் யாருக்கு?

பஞ்சு நூலாகி, நிட்டிங்குக்குப் போய், சாயப்பட்டறை ஏறி, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து வெளியே வருவதற்குள் ஒரு பனியன் பல முதலாளிகளின் கையைக் கடக்கிறது. ஒருவர் விற்கும் விலைதான் அடுத்தவருக்குச் செலவு. அதனால் அரசு எங்கே கை வைத்தாலும் ஒருவர் சிரிப்பார், ஒருவர் கொதிப்பார்.

2010 ஏப்ரலில் மத்திய அரசு பஞ்சு ஏற்றுமதியை நிறுத்தியது. அந்த ஆண்டின் இறுதியில் நூல் ஏற்றுமதிக்கும் உச்சவரம்பு வந்தது. 2012 மார்ச் 5 அன்று மறுபடி பஞ்சு ஏற்றுமதித் தடை. அன்றைய மத்திய வேளாண் அமைச்சர் சரத் பவாரே அதை எதிர்த்தார். குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடியும் எதிர்த்தார். ஒரு வாரத்தில் தடை தளர்ந்தது. 2022 மே மாதம் நூல் விலை தாங்காமல் திருப்பூர் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது. ஒவ்வொரு முறையும் பனியன் கம்பெனிகளின் கோரிக்கை ஒன்றுதான்: நூலையும் பஞ்சையும் வெளியே அனுப்பாதீர்கள், உள்ளூரில் ஆடையாக்கி அனுப்பினால் இன்னும் பல பேருக்கு வேலை கிடைக்கும்.

இந்த வாதத்துக்கு நீண்ட பரம்பரை உண்டு. வளர்ந்து நிற்கும்வரை தன் நாட்டுத் தொழிலை அரசு அணைத்துக் காக்க வேண்டும் என்று 1841இல் எழுதியவர் ஜெர்மானியர் பிரடெரிக் லிஸ்ட். எல்லையில் தடை போடுவதால் ஒரு நாடு செழிக்காது, தடையால் லாபம் காண்பவர்கள் ஒரு சில வியாபாரிகளே என்று அதற்கு முன்பு 1776இல் எழுதியவர் ஆடம் ஸ்மித். திருப்பூர் ஏற்றுமதியாளர் பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்கும்போது ஸ்மித் பக்கம் நிற்கிறார். அந்த ஒப்பந்தம் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. நூலை வெளியே விடாதே என்னும்போது அவரே லிஸ்ட் பக்கம் போகிறார். இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. வட்டிக்கு வாங்கி நான்கு மெஷின் போட்டவருக்கு நூல் விலை ஒரே மாதத்தில் ஏறினால் ஏற்கெனவே பேசி முடித்த ஆர்டர் முழுக்க நஷ்டம். அவர் கேட்பது பிழைப்பதற்கான வழி.

ஆனால் பருத்தி விவசாயிக்கு இப்படிப் பக்கம் மாறும் வசதி இல்லை. ஏற்றுமதி தடைபட்டால் அவருக்கு விலை விழும். இறக்குமதி திறந்துவிட்டாலும் அவருக்கே விலை விழும். கதவை மூடச் சொல்பவரும் திறக்கச் சொல்பவரும், அதனால் உள்ளே மாட்டிக்கொள்பவருக்கு என்ன தரப்போகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பஞ்சு வரியை நீக்கச் சொல்லி மனுக் கொடுக்கும் அமைப்புகள், அதே மனுவில் இந்தியப் பருத்திக் கழகம் குறைந்தபட்ச ஆதரவு விலையில் தாராளமாகக் கொள்முதல் செய்ய வேண்டும் என்றும் எழுதலாம். அப்படி எழுதினால் கொங்கு மண்ணில் பனியனும் விவசாயமும் எதிரிகளாக நிற்கும் நிலை கொஞ்சமாவது மாறும்.

இந்த மண்ணின் விவசாயிகள் நியாயம் கேட்டு உயிர் விட்டவர்கள். திருப்பூருக்கு வடக்கே பெருமாநல்லூரில் 1970 ஜூன் 19 அன்று, யூனிட்டுக்கு ஒரு பைசா மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு மூன்று விவசாயிகள் பலியானார்கள். நாராயணசாமி நாயுடுவின் விவசாயிகள் சங்கம் வளர்ந்தது அந்த ரத்தத்திலிருந்து. சிறு விவசாயிகளுக்கு 1984இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் இலவச மின்சாரம் வந்தது. இன்று அதே பெருமாநல்லூர் சாலையில் பனியன் கம்பெனிகள் நிற்கின்றன. 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தபிறகு நிலைக் கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்துச் சிறுதொழில் முனைவோர் போராடினார்கள். மின்சாரம் விலை கொடுத்து வாங்கும் சரக்கா, உழைத்துப் பிழைப்பதற்கு அரசு உறுதிசெய்ய வேண்டிய அடிப்படையா? அன்று கேட்ட கேள்வியைத்தான் இன்று வேறு ஆட்கள் கேட்கிறார்கள்.

கதர், கைத்தறி, சிறுதொழில்

பனியனுக்கு முன்பு திருப்பூர் கதர் ஊர். 1925இல் காந்தி தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் இயங்கியது. 1932 ஜனவரியில் கொடியைப் பிடித்தபடி அடிபட்டு இறந்த குமரன் இந்த ஊர்த் தெருவில்தான் விழுந்தார். அந்நியத் துணி மறியல் என்பது சுதந்திரப் போராட்டம் மட்டுமல்ல, ஒரு பொருளாதாரக் கொள்கையும்கூட. ஒரு துணியின் விலையை மட்டும் பார்க்காதே, அதை நெய்தவர் யார், அதனால் பட்டினி கிடந்தவர் யார் என்றும் பார் என்றது கதர். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா அந்தப் பார்வையை ஒரு முழுப் பொருளாதாரச் சிந்தனையாகவே வளர்த்தார்.

ராஜாஜியின் பயணத்தை இங்கே நினைக்க வேண்டும். திருச்செங்கோட்டில் காந்தி ஆசிரமம் வைத்துக் கதர் பரப்பினார். சென்னை மாகாணப் பிரதமராக மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்றைய ஜிஎஸ்டிக்கு நம் நாட்டில் முன்னோடி அதுதான். 1952இல் மீண்டும் முதல்வரானபோது வேட்டி, சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கே ஒதுக்கச் சொல்லி மத்திய அரசிடம் வாதாடினார். அதே காலத்தில் அவருடைய எதிர்முகாமில் இருந்த அண்ணாவும் தி.மு.க.வினரும் கைத்தறித் துணிகளைத் தெருத்தெருவாகத் தோளில் சுமந்து விற்றார்கள். 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கிய ராஜாஜி லைசென்ஸ், பர்மிட், கோட்டா ஆட்சி என்று அரசுக் கட்டுப்பாட்டையே சாடினார். இந்த நிலைப்பாடுகள் ஒன்றுக்கொன்று முட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் ஒவ்வொன்றையும் எந்த நியாயத்தின் பேரில் சொல்கிறேன் என்று ராஜாஜி எழுதியும் பேசியும் வைத்தார். அதனால் அவரோடு வாதாட முடிந்தது. இன்றைய பட்ஜெட் விவாதங்களில் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

காந்தியச் சிந்தனையின் மிச்சம் 1967இல் சிறுதொழில் ஒதுக்கீட்டுப் பட்டியலாக வந்தது. அந்தப் பட்டியலில் பின்னலாடையும் சேர்ந்தது. முதலீட்டுக்கு உச்சவரம்பு இருந்ததால் வளர்ந்த கம்பெனி பெரிதாகாமல் பிரிந்தது. ஒரே குடும்பத்தில் நான்கு பெயரில் நான்கு கம்பெனி. தையலை ஒருவர், பிரிண்டிங்கை ஒருவர், எம்பிராய்டரியை ஒருவர் என்று ஜாப் ஒர்க் பரவியது. திருப்பூரின் இன்றைய முகம் அந்த ஒதுக்கீட்டுக் காலத்தில் உருவானது. 2005இல் இரண்டு மதில்கள் ஒன்றாக இடிந்தன. 1974 முதல் உலக ஜவுளி வர்த்தகத்தை நாட்டுவாரிக் கோட்டாவில் கட்டிவைத்த ஏற்பாடு அந்த ஜனவரி 1 அன்று முடிந்தது. அதே ஆண்டு பட்ஜெட்டில் ப.சிதம்பரம் 108 பொருள்களை ஒதுக்கீட்டிலிருந்து நீக்கினார். பின்னலாடையும் அதில் இருந்தது.

சிறிய கம்பெனி என்றால் மனிதத்தன்மை இருக்கும் என்று குமரப்பா வழியினர் நம்பினார்கள். திருப்பூரின் அனுபவம் அதைப் பாதிதான் உறுதிப்படுத்தியது. கையில் பெரிய பணம் இல்லாத பல பேர் முதலாளி ஆக முடிந்தது, அது பெரிய விஷயம். ஆனால் பத்துப் பேர்கூட இல்லாத, பவர் டேபிள் எனப்படும் சிறு தையல் கூடத்தில் பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, தொழிற்சாலை ஆய்வாளரும் வரமாட்டார். அந்த ஒதுக்கீடு கம்பெனியின் அளவைக் காத்தது, உள்ளே இருந்த ஆளைக் காக்கவில்லை.

உழைத்து வந்தவர்களின் வாதம்

'நானும் மெஷின்ல உக்காந்து தைச்சவன்தானுங்க.' திருப்பூரில் இதைச் சொல்லும் முதலாளிகள் ஏராளம், பலருக்கு அது உண்மையும்கூட. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, கம்பெனியில் வேலை பார்த்து, பிறகு பங்காளிகளாகச் சேர்ந்து தொழில் தொடங்கிய கவுண்டர்களின் வரலாற்றை ஷரத் சாரி 'ஃப்ரட்டர்னல் கேப்பிட்டல்' என்ற நூலில் 2004இல் விரிவாக எழுதினார். உழைப்பு என்ற ஒரே சொல் அவர்களுக்கு மூலதனமாகவும், தொழிலாளிகளை அதட்டும் அதிகாரமாகவும் ஆன விதத்தை அந்த நூல் காட்டுகிறது.

ஒருவன் தன் உழைப்பைக் கலந்தது அவனுக்குச் சொந்தம் என்று பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாதிட்டவர் ஜான் லாக். சொத்துரிமைக்கு இன்றுவரை சொல்லப்படும் நியாயங்களில் வலுவானது அதுதான். அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டால் அடுத்த மெஷினில் இன்றும் உட்கார்ந்திருக்கும் டெய்லரும் அதையே கேட்பார். நானும் கலந்தேன், என் பங்கு எங்கே? இன்னொரு கேள்வியும் எழும். உழைத்த எல்லோராலும் மேலே வர முடிந்ததா? நிலம் வைத்திருந்தவருக்கும், கைமாற்றுத் தர உறவு வட்டம் இருந்தவருக்கும் திறந்த வாசல், அருந்ததியர் குடும்பத்திலிருந்து வந்த அதே உழைப்பாளிக்கு எளிதில் திறக்கவில்லை. உழைப்பு மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் கிடையாது.

1984இல் தொழிலாளர்கள் அந்தப் பங்கைக் கேட்டார்கள். பஞ்சப்படி கோரி நடந்த பொது வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. விலைவாசி ஏறினால் அந்தச் சுமையை யார் தாங்குவது என்பதே அன்றைய கேள்வி. கூலியாள் தனியாகத் தாங்க வேண்டியதில்லை என்ற கொள்கை அந்தப் போராட்டத்தின் வழியாக இந்த ஊரில் வேரூன்றியது. இன்றும் சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., எல்.பி.எஃப். உள்ளிட்ட சங்கங்களும் உற்பத்தியாளர் அமைப்புகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து முழு ஊருக்கும் பொதுவாகக் கூலி ஒப்பந்தம் போடுகின்றன. இவ்வளவு சிதறிக் கிடக்கும் ஒரு தொழிலில் அப்படியொரு வழக்கம் இருப்பது அபூர்வம். திருப்பூர் தன் டாலர் கணக்கைப் பற்றிப் பெருமைப்படும் அளவுக்கு இதைப் பற்றியும் பெருமைப்பட வேண்டும்.

நொய்யலில் நடந்தது

தத்துவம் சட்டமாகி, சட்டம் ஒரு தொழிலின் போக்கையே மாற்றிய கதை ஒன்று இந்த ஊரில் உண்டு.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலில் 1980களிலிருந்து சாயக் கழிவு கலந்தது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் குளமாக மாறியது. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டினார்களோ அவர்களே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சும் நிலை வந்தது. கிணறுகள் உப்பாயின. கால்நடைக்குக்கூட அந்தத் தண்ணீர் ஆகவில்லை.

சாயப்பட்டறைகளின் வாதத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பல லட்சம் பேருக்கு வேலை, பல ஆயிரம் கோடி அந்நியச் செலாவணி. ஒரு பக்கம் இதையும் மறுபக்கம் கீழ்ப்பகுதி நிலங்களின் விளைச்சலையும் வைத்துப் பாருங்கள், நாட்டுக்கு எது அதிகம்? மொத்த நன்மையைக் கூட்டிப் பார்த்து முடிவெடு என்ற பெந்தாமின் பயன்வாதம் இது. ரொனால்ட் கோஸ் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இன்னும் ஒரு படி போகிறது. ஆலை விவசாயிக்குத் தீங்கு செய்கிறது என்று மட்டும் பார்க்காதே, ஆலையை நிறுத்தினால் விவசாயி ஆலைக்குத் தீங்கு செய்கிறார், எந்தத் தீங்கு பெரியது என்று பார் என்பது அவருடைய வாதம். காகிதத்தில் அழகான வாதம். நொய்யல் கரையில் அதை ஏற்றுக்கொண்டால், பணம் குறைவாகச் சம்பாதிப்பவரின் கிணறு எப்போதும் அதிகம் சம்பாதிப்பவரின் சாக்கடையாகும்.

நீதிமன்றம் வேறு வழியில் போனது. வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு கொள்கையை நிலைநாட்டியிருந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தருவதோடு கெட்டுப்போன இயற்கையைச் சீர்செய்யும் செலவும் அவருடையது. அந்தத் தீர்ப்பின்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் நொய்யல் பகுதியில் சுமார் 28,000 விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட இல்லை. தொகை சிறிது. ஆனால் அவர்கள் கேட்டது தயவு அல்ல, உரிமை என்பது அதில் பதிவானது.

அடுத்து வந்ததுதான் நுட்பமான கட்டம். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளுக்குக் கெடு வைத்தது. அதுவரை விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8 பைசா, பிறகு 10 பைசா அபராதம். தீங்குக்கு ஏற்ப வரி போட்டால் தீங்கு குறையும் என்று 1920இல் ஆர்தர் பிகூ சொன்ன வழி. ஆனால் பல பட்டறைகளுக்கு அந்தப் பைசா இன்னொரு செலவாக ஆனது. கட்டிவிட்டுக் கழிவை விட்டார்கள். அபராதம், தவறு செய்வதற்கான கட்டணமாக மாறிவிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டறை உரிமையாளர்களின் முறையீட்டை ஏற்காமல் கெடு விதித்தது. அதுவும் கடந்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

பைசாவுக்கும் பூட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தத்துவ வேறுபாடு. எல்லாத் தீங்குக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கட்டினால் செய்யலாம் என்பது ஒன்று. சில தீங்குகளை எந்த விலைக்கும் செய்யக் கூடாது, அடுத்தவனுக்குக் கேடு வரும் இடத்தில் உன் சுதந்திரம் முடிகிறது என்பது மற்றது. 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் வரைந்த கோடு அது. நொய்யலில் முதலாவது தோற்று இரண்டாவது வென்றது.

திருப்பூர் அழிந்துவிடும் என்றார்கள். வேலை வெளியூர்களுக்குப் போனது. சில ஆண்டுகள் கடினமாக இருந்தன. தமிழக அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் தண்ணீரை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. 1985இல் 15 கோடி என்று சொல்லப்படும் ஏற்றுமதி, 2024-25இல் 40,000 கோடி ரூபாய் என்ற அளவுக்கு வந்து நின்றது. அன்று 'முடியவே முடியாது' என்ற தொழில், இன்று அதே முறையைச் சொல்லி வெளிநாட்டு பிராண்டுகளிடம் ஆர்டர் கேட்கிறது.

இந்த வெற்றியிலும் கணக்கில் வராத ஆட்கள் உண்டு. 2011இல் ஒரே நாளில் வேலை இழந்த பட்டறைத் தொழிலாளர்கள் மாசுபடுத்தவும் இல்லை, இழப்பீடு பெறவும் இல்லை. சுத்திகரிப்பில் மிஞ்சும் கலப்பு உப்பு இன்னும் மூட்டை மூட்டையாகக் காத்திருக்கிறது. பொதுப் பணமும் செலவானதால், கெடுத்தவரே கட்டினார் என்றும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இந்த வழக்கில் நியாயத்தின் வரிசை சரியாக இருந்தது. முதலில் எது கூடாது என்று முடிவானது, செலவை எப்படிச் சமாளிப்பது என்பது அதன் பிறகு வந்தது.

ஒன்றரை ஷிப்ட்

வேலை நேர விஷயத்தில் அந்த வரிசை இன்னும் தலைகீழாகவே இருக்கிறது.

வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 1942இல் எட்டு மணி நேர வேலையை முன்வைத்தார். 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று எழுதியது. திருப்பூரில் காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வரும் 'ஒன்றரை ஷிப்ட்' சாதாரண வழக்கம். கப்பல் தேதி நெருங்கினால் அதுவும் நீளும்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. தொழிலாளி விரும்பினால் மட்டும், வாரத்தின் மொத்த நேரம் உயராது, நான்கு நாளில் முடித்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்று அரசு விளக்கியது. ஆளும் தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைத்து, மே தினத்தன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திரும்பப் பெற்றார்.

விவாதம் முழுக்க 'விரும்பினால்' என்ற இடத்தில் நின்றது. 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரொட்டி அடுப்புத் தொழிலாளர்களின் நேரத்துக்கு வரம்பு கட்டிய நியூயார்க் சட்டத்தை இதே காரணம் சொல்லி ரத்து செய்தது. வேலை செய்பவனும் வாங்குபவனும் விரும்பிப் போடும் ஒப்பந்தத்தில் அரசுக்கு என்ன வேலை என்றது. அந்தப் பார்வையிலிருந்து விலக அந்த நீதிமன்றத்துக்கு 1937 வரை ஆனது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்டை விரும்பிக் கேட்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஒரு ஷிப்ட் கம்பெனிக்கு ஆள் வர மாட்டேன் என்கிறார்கள் என்று முதலாளிகள் சொல்வதும் நிஜம். எட்டு மணி நேரக் கூலியில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போனால் மிஞ்சாது, அதனால் கேட்கிறார்கள். வேறு வழி இல்லாதவரின் சம்மதத்தை விருப்பம் என்று எழுதுவது அநியாயம்.

எவ்வளவு கூலி போதும் என்பதற்கு நம்மிடம் கணக்கு இருக்கிறது. 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு குடும்பத்தின் உணவு, வாடகை, எரிபொருளோடு ஆண்டுக்கு 72 கஜம் துணியும் சேர்த்துக் குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடச் சொன்னது. கல்வி, மருத்துவத்துக்கும் இடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1990களின் தொடக்கத்தில் சேர்த்தது. அரசியல் சாசனத்தின் 43ஆவது பிரிவு இதைவிட மேலே போய், வாழ்வதற்கேற்ற கூலி என்கிறது. உலகத்துக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஊரில், தைப்பவரின் வீட்டுக்கு அந்த 72 கஜம் வாங்கக் கூலி போதுமா என்று ஒப்பந்தப் பேச்சில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

வெளிநாட்டு பிராண்டு ஒரு பீஸுக்குச் சென்ட் கணக்கில் விலையை அடிக்கும்போது திருப்பூர் முதலாளிக்கும் தேர்வு குறைவுதான். அதை மறுக்கவில்லை. ஆனால் நூல் விலைக்கும் டாலர் மதிப்புக்கும் கைகட்டி நிற்பவர், கூலி என்று வந்தால் மட்டும் பேரம் பேசுகிறார். ஏனென்றால் அங்கே மட்டும்தான் எதிரில் இருப்பவர் பலவீனமானவர்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம், இனி இருபது. பவர் டேபிள்கள் நிறைந்த ஊருக்கு இந்த எண்ணின் அர்த்தம் என்ன என்று திருப்பூர் இன்னும் சரியாக விவாதிக்கவே இல்லை.

அரிசியும் ஆளும்

'ரேஷன்ல அரிசி சும்மா குடுத்தா எவனுங்க வேலைக்கு வருவான்?' 2011 ஜூனில் ரேஷன் அரிசி விலையில்லாமல் ஆனதிலிருந்து கேட்கும் குரல் இது. 2022 ஜூலையில் பிரதமர் இலவசங்களைச் சாடிப் பேசியபிறகு உச்ச நீதிமன்றம் வரை அந்த விவாதம் போனது. நலத்திட்டம் செலவல்ல, மனிதர்கள் மீதான முதலீடு என்று தமிழகம் பதில் சொன்னது.

இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தை விட்டுவிடுகின்றன. பசி இருந்தால்தான் ஏழை வேலைக்கு வருவான் என்று பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜோசப் டவுன்சென்ட் எழுதினார். அந்தச் சிந்தனைதான் 1834இல் அங்கே ஏழைகள் சட்டத்தைக் கொடூரமாக்கியது என்பதை 1944இல் கார்ல் பொலானி விரிவாகக் காட்டினார். அரிசி கிடைத்ததால் ஒரு பெண் மோசமான கம்பெனிக்குப் போக மறுக்கிறாள் என்றால், அரிசி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கிய வட்டாரம் இது. மறுக்கும் பலம் அந்தப் பெண்களுக்கு இன்னும் முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

உள்ளூர்ப் பெண் மறுத்த இடத்தில் இன்று பீகார், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே ஓட்டு இல்லை. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, அவர்கள் இல்லாமல் ஊர் ஓடாது என்பதைத் திருப்பூர் ஒரு வாரத்தில் உணர்ந்தது. ஆனால் கூலி ஒப்பந்தம் பேசும் மேசையில் அவர்களுக்காக யாரும் உட்காருவதில்லை. தன் உழைப்பால் ஊரை நடத்துகிறவருக்கு ஊரின் விதிகளை எழுதுவதில் பங்கு இல்லை என்ற ஏற்பாட்டை, எந்த ஜனநாயகத் தத்துவத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சு தொடங்குவதற்கு முன் சங்கங்களும் உற்பத்தியாளர் அமைப்புகளும் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளை அவர்களின் மொழி தெரிந்த ஒருவரோடு மேசையில் உட்கார வைக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு குடும்பம் வாழ எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை முதல் நாளே எல்லோர் முன்னும் வைத்துவிட்டு, சதவீதப் பேரத்தை அதன் பிறகு தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் செய்ய டெல்லியின் அனுமதியோ வாஷிங்டனின் வரிக் குறைப்போ தேவையில்லை.